அக்கி எழுதிய வீடு

பொன்னுத்தாயி சேலை முந்தானையை வலது தோளில் போட்டிருந்தாள்.

முதல் நாள் மருமகள் சுபலட்சுமிக்கு ஏதோ உறுத்தியதே தவிர என்னவென்று பிடிபடவில்லை. கண்ணாடிக்குள் நடமாடும் ஆளைப் பார்ப்பது போல மாமியார் அடுப்படிக்கும் கொல்லைக் குழாய்க்கும் போய் வந்துகொண்டிருந்தாள். ரப்பர் செருப்பை இழுத்து வைக்கிற அதே நடை, ஈரத்துணியை உதறுகிற அதே கை, ஆனால் எல்லாமே இடம் வலமாகப் புரண்டிருந்தது. மறுநாள் மத்தியானம், கழனிவாசல் பக்கத்துத் தெருக்கள் வெயிலில் ஆளரவம் இல்லாமல் கிடந்த நேரத்தில்தான் விளங்கியது. நாற்பது வருஷமாக இடது தோளில் கிடந்த முந்தானை இடம் மாறியிருக்கிறது.

"என்னத்தை, முந்தானைய மாத்திப் போட்டிருக்கீக?"

"இந்தப் பக்கம் துணி பட்டா எரியுது புள்ள. மொளகாய அரைச்சு எலும்புல தேச்ச மாதிரி."

"எங்க, காட்டுங்க."

"என்னத்தக் காட்ட? தோலு சும்மாதேன் இருக்கு. பூரான் கீரான் ஊந்திருக்கும்."

உண்மையிலேயே தோலில் ஒன்றும் இல்லை. சுபா தைலத்தை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துவிட்டாள். ஒன்பதாம் மாத வயிற்றைக் கட்டில் விளிம்பில் சாய்த்துக்கொண்டு, மின்விசிறி கடகடக்க, தைல வாசனை மூக்கில் ஏற, கை போன இடமெல்லாம் அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. முதுகெலும்பில் தொடங்கி இடது விலாவைச் சுற்றி முன்பக்கம் வரை ஒரு சாண் அகலத்துக்குத் தோல் சுட்டது. நெஞ்சின் நடுவில், யாரோ கோடு கிழித்தது போல, சூடு சட்டென்று நின்றது. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சாதாரணத் தோல். குளிர்ந்த, வயதான, சாதாரணத் தோல்.

அடுத்த நாளும் தேய்த்துவிட்டாள். அதற்கடுத்த நாள் காலை, கொல்லையில் துவைக்கிற கல்லருகே, பொன்னுத்தாயி ரவிக்கையைத் தளர்த்திக் காட்டினாள்.

சூடு இருந்த இடமெல்லாம் சிவந்திருந்தது. சிவப்பின் மேல் கொத்துக் கொத்தாக நீர் கோத்த கொப்புளங்கள். சில உடைந்து கசிந்திருந்தன. ஒன்றுகூட நடுக்கோட்டைத் தாண்டவில்லை.

"அக்கி," என்றாள் பொன்னுத்தாயி, பழைய ஆளைக் கண்ட தோரணையில். "ஐயனாரு வேளாரக் கூப்பிட்டு எழுதிட்டாப் போயிரும்."

சுபா தைலம் தேய்த்த கையை நைட்டியில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"அத்தை, ஒங்களுக்குச் சின்ன வயசுல அம்மை பாத்துச்சா?"

"ஆறு வயசுல. மொகம் பூரா முத்து. தலைக்குத் தண்ணி ஊத்தி, ஆத்தாளக் கும்பிட்டு அனுப்பி வச்சாக. அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

அனுப்பி வைத்தார்கள். அது போகவில்லை.

சுபா நுண்ணுயிரியல் படித்தவள். அவள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பட்டம் பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் அந்துருண்டை நாற்றத்தோடு கிடந்தது; யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. இப்போது பாடமெல்லாம் வரிவரியாக எழுந்து வந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அம்மை இறங்கிவிட்டது என்கிறார்கள். அது இறங்குவதில்லை. ஏறுகிறது. தோலிலிருந்து நரம்பு வழியாக மேலே ஊர்ந்து, முதுகெலும்போரம் நரம்பு முடிச்சு ஒன்றில் புகுந்து, ஒடுங்கி, மூச்சுக் காட்டாமல் கிடக்கிறது. அந்த உடம்பு வயதுக்கு வருகிறது, கல்யாணம் கட்டுகிறது, பிள்ளை பெறுகிறது, புருஷனைப் புதைக்கிறது. அது கிடக்கிறது. ஒருநாள் உடம்பு அசந்தால், போன அதே நரம்பு வழியாகவே திரும்பி வருகிறது. ஒரு நரம்பு, ஒரு பக்கம். அதனால்தான் அந்தக் கோடு.

திரும்பி வந்தால் அக்கி. அந்த நீர், அம்மை பார்க்காத ஆளின் உடம்பில் பட்டால் அம்மை.

தனக்கு அம்மை பார்த்திருக்கிறதா? சுபாவுக்குத் தெரியவில்லை.

அம்மா செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதனால்தான் பிரசவத்துக்குப் போக அவளுக்கு வீடில்லை. இளையாத்தங்குடிப் பக்கம் ஒற்றை அறையில் இருந்த அப்பா பெத்தனுக்குப் போன் போட்டாள்.

"அம்மையா? வந்துச்சே. வீட்டுல வேப்பலை கட்டியிருந்துச்சு."

"யாருக்குப்பா வந்துச்சு? எனக்கா, தம்பிக்கா?"

அந்தப் பக்கம் டிவி சத்தம். "ஒனக்குத்தேன்னு நெனைக்கிறேன். இல்ல, ஆகாசுக்கா? நான் அப்ப கேரளாவுல வேலைக்குக் கெடந்தேன்ல. அதெல்லாம் ஒங்காத்தா பாத்தது."

"யோசிச்சுச் சொல்லுப்பா. முக்கியம்."

"ரெண்டு பேருல ஒருத்தருக்கு வந்துச்சு ஆத்தா. அது நல்லாத் தெரியும்."

போனைக் கட்டிலில் எறிந்தாள். பெற்றது இரண்டு. அதில் எது வேப்பிலையில் கிடந்தது என்று ஓர் அப்பனுக்குத் தெரியவில்லை.

அவளுக்கே ஒரு ஞாபகம் இருந்தது. இருட்டு அறை, தரையில் வேப்பிலைப் படுக்கை, கசந்த வாசனை, பனைவிசிறி. ஆனால் அந்தப் படுக்கையில் கிடந்தது தானா, வாசலில் நின்று பார்த்தது தானா? எத்தனை முறை கண்ணை மூடினாலும் படுக்கையில் இருந்த முகம் மட்டும் தெரியவில்லை. தம்பியின் நெற்றியில் தழும்பு உண்டு. தன் உடம்பில்? அன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைக்கண்ணாடியும் பீரோக் கண்ணாடியுமாக உடம்பு முழுக்கத் தேடினாள். தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு குழி. அம்மைத் தழும்பாக இருக்கலாம். பருவாகவும் இருக்கலாம்.

பிரசவத்துக்குப் பதிந்திருந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"அம்மை முன்னாடியே வந்திருந்தா நீங்களும் குழந்தையும் தப்பிச்சீங்க. அது உங்க உடம்புக்குள்ள இருக்கும், இருந்துட்டுப் போகட்டும். வரலைன்னாதான் கவலை. ரத்தத்தை மதுரைக்கு அனுப்பிப் பார்த்துடுவோம்."

"இப்ப எனக்கு வந்தா?"

"பிரசவத்தை ஒட்டி வந்துடக் கூடாது. உங்க உடம்பு எதிர்த்து நிக்கறதுக்குக் கொஞ்ச நாள் வேணும். அதுக்குள்ள குழந்தை பொறந்துட்டா, நோய் மட்டும் அதோட போகும். பாதுகாப்பு போகாது." டாக்டரம்மா கையெழுத்துப் போட்டபடியே சொன்னார். "ஒரு ஊசி இருக்கு. ஆனா பட்ட பத்து நாளைக்குள்ள போடணும். ரிசல்ட் வரட்டும். அதுவரைக்கும் அவங்களைத் தொடாதீங்க. அவங்களும் உங்களைத் தொடக் கூடாது."

மாமியாருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பொன்னுத்தாயி சாமி மாடத்தில் வைத்தாள். விழுங்கவில்லை.

"அக்கிக்கு இங்கிலீசு மருந்து ஆகாது."

"அப்ப எங்கிட்ட வராதீக அத்தை. தனியாப் படுங்க. தட்டு, சொம்பு, துணி எல்லாம் தனியா வையுங்க."

"அக்கி என்ன அம்மையா, தொட்டா ஒட்டுறதுக்கு?" பொன்னுத்தாயிக்கு முகம் சுண்டிவிட்டது. "நாலு எழுத்துப் படிச்சதுக்கு என்னத் தீண்டத்தகாதவளாக்கிட்டியேடி."

போன பங்குனியில் எதிர்வீட்டில் ஒரு பையனுக்கு அம்மை பார்த்தபோது இதே பொன்னுத்தாயி ஜன்னலைக்கூடத் திறக்க விடவில்லை. வாசலில் வேப்பிலையைப் பார்த்து கேஸ் சிலிண்டர் போடுகிறவன்கூடத் தெருமுனையில் நின்றுவிட்டான். அந்த வீட்டில் தாளிக்கவில்லை, தலை சீவவில்லை, அந்நியர் நிழல் படவில்லை. இன்று அதே நோய் வேறு பேரோடு வந்து நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறது. தெருவே வந்து அதன் கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறது.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்த புருஷன் முத்தரசு வீடியோவில் வந்தான். "அம்மாவ அழ வைக்காத சுபா. ஒனக்குத் தொணைக்குன்னு அவுகதான இருக்காக. புக்குல இருக்கதெல்லாம் வீட்டுல வந்து காட்டாத."

மறுநாள், பானை வனைகிற வேளார் வந்தார். வழக்கமாக அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை என்று பொன்னுத்தாயி ஆட்டோ அனுப்பியிருந்தாள். சூளைப் புகை வாசனையும் வெற்றிலை வாசனையுமாக உட்கார்ந்து, பூங்காவிச் செம்மண்ணைக் கொட்டாங்கச்சியில் குழைத்து, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு, கோழி இறகால் கொப்புளங்களைச் சுற்றி வேலி போட்டார். வேலிக்குள் ஒரு சிங்கம் எழுதினார். சுபா தன் அறை வாசலிலேயே நின்றாள். ஈரக்காவி ரத்தத்தைவிடச் சிவப்பாக இருந்தது.

"சிங்கம் என்ன நாய்க்குட்டி மாதிரி இருக்கு?" என்றாள் பொன்னுத்தாயி, விலாவை எட்டிப் பார்த்து.

"ஒன் விலாவுல எடம் எங்க ஆத்தா இருக்கு? இந்த மட்டுக்கும் வாலச் சுருட்டி வச்சிருக்கேன்." சிரித்தார். "காயற வரைக்கும் கையி படாமப் பாத்துக்க. தண்ணி ஊத்தக் கூடாது."

கை படாமல் பார்த்துக்கொள்கிற ஆளா பொன்னுத்தாயி? அரித்தது. எரிந்தது. கை தானாகப் போனது.

அதுவரை சுபா பயந்ததெல்லாம் கண்ணுக்குத் தெரியாததைப் பார்த்து. அன்று முதல் அது தெரிய ஆரம்பித்தது.

முதலில் கூடத்து சுவிட்சில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு செம்மை. சோப்புத் துணியால் துடைத்தாள். திரும்பிப் பார்த்தால் அடுப்படிக் கதவின் கைப்பிடியில். குளிர்சாதனப் பெட்டியில், பால் பாத்திரம் இருக்கும் தட்டில், ஐந்து விரலும். துவைத்துக் காயப்போட்ட அவளுடைய துண்டின் நுனியில். மத்தியான வெயில் ஜன்னல் கம்பி வழியாகத் தரையில் நீண்டு கிடக்க, கரண்ட் போய் மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி நிற்க, அந்த நிசப்தத்தில் மாமியாரின் செருப்பு எங்கோ இழுபட்டுப் போவதைக் கேட்டுக்கொண்டே, சுபா ஒவ்வோர் இடமாகக் குனிந்து துடைத்தாள். வயிறு இடித்தது. வீட்டில் அந்தக் கை போகாத இடமே இல்லை. காவி வந்தபிறகுதான் தெரிகிறது. அதற்கு முன்னால் எத்தனை நாள், நிறமில்லாமல்?

தண்ணீர்க் குடத்தின் விளிம்பில்.

அவள் குடிக்கிற சொம்பில். வெளியே இல்லை. உள்ளே.

ஆஸ்பத்திரியில் கேட்டாள். முதலில் அனுப்பிய ரத்தம் வழியில் கெட்டுவிட்டது, திரும்ப எடுக்க வேண்டும் என்றார்கள். திரும்பக் கொடுத்தாள். அப்புறம் திருவிழா விடுமுறை, அப்புறம் ஞாயிறு. படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி அவள் செய்த ஒரே காரியம், கெஞ்சியதுதான். சாமியிடம் இல்லை. தன் முதுகெலும்பிடம். நீ உள்ளே இருக்க வேண்டும். இருபது வருஷமாக என் எலும்போரம் சுருண்டு கிடக்க வேண்டும். என் அம்மா வேப்பிலையில் போட்டது என்னைத்தான் என்று இருக்க வேண்டும். இரு. எங்கும் போகாதே. இரு. உலகத்தில் எவளாவது தனக்குள் பேய் இருக்க வேண்டும் என்று வேண்டியிருப்பாளா?

முதுகு பதில் சொல்லவில்லை. வயிற்றுக்குள் இருந்தது மட்டும் புரண்டது.

மத்தியானங்களில் தூக்கம் அவளை அடித்துப் போட்டது. மாதம் நிறைந்த உடம்பு, சாப்பிட்டதும் கல்லாகிவிடும். அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கதவுக்கு முட்டுக் கொடுத்து நாற்காலியை நகர்த்திவிட்டுப் படுப்பாள். எழும்போது நாற்காலி அங்கேயேதான் இருக்கும். கொஞ்சம் இடது பக்கமாக. அவளே அப்படி வைத்திருக்கலாம்.

அன்று எழுந்தபோது தேங்காய் எண்ணெய் வாசனை.

அடுப்படியிலிருந்து வருகிறது என்று நினைத்தாள். அடுப்பு அணைந்திருந்தது. எழுந்து கதவைத் திறக்கப் போனாள். கைப்பிடியில் சிவப்பு.

உள்பக்கக் கைப்பிடி.

நின்றாள். நாற்காலி நகர்ந்திருந்தது. தலையணை உறையில் ஒரு தீற்றல். எண்ணெய் வாசனை அறையில் இல்லை. அவள் மேல் இருந்தது.

நைட்டியை மெல்ல உயர்த்தினாள்.

வயிற்றில் கை. நான்கு விரல், ஒரு பெருவிரல், உள்ளங்கை. எண்ணெயில் குழைந்த காவி, தொப்புளைச் சுற்றி வட்டம் வட்டமாக. ஈரமாக மின்னியது. கைக்கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தாள். அதற்கடியில் இன்னொன்று, காய்ந்தது. அதற்கும் அடியில் மங்கலாக இன்னும் ஒன்று. வயிறு பெருத்த நாளிலிருந்து அவள் குனிந்து தன் அடிவயிற்றைப் பார்த்ததில்லை. பார்க்க முடிந்ததில்லை.

"அத்தை!"

பொன்னுத்தாயி வந்து வாசலில் நின்றாள். கையில் எண்ணெய்க் கிண்ணம்.

"எழுந்துட்டியா ஆத்தா?"

"என்ன பண்ணுனீக?"

"கத்தாதடி, புள்ள பதறும். எண்ணெ தேச்சு விட்டேன். சொகமாப் பொறக்கணும்ல. முழிச்சிருந்தாத்தேன் நீ அண்ட விடமாட்டேங்கிறியே." கிண்ணத்தில் விரலை விட்டுக் கலக்கினாள். எண்ணெய் இளஞ்சிவப்பாக இருந்தது. "இதுலதேன் எனக்கும் தடவிக்கிறது. ஏந் தெரியுமா? அந்தச் சிங்கத்துல கொஞ்சம் என் பேரப்புள்ளைக்கும் ஒட்டட்டும்னுதேன்."

"எத்தன நாளா?"

"தெனமும்தேன்," என்றாள் பொன்னுத்தாயி. கண்ணில் அத்தனை வாஞ்சை. "எரிய ஆரம்பிச்ச நாள்லருந்து."

சுபா குளியலறைக்குப் போய்த் தேய்த்தாள். தேங்காய் நாரால், சோப்பால், டெட்டாலால். தோல் கன்றும்வரை. காவி போனது. காவிதான் போனது.

ரிசல்ட் போனில் வந்தது. அம்மை வந்து போனதற்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இல்லை. நெகட்டிவ்.

"நெகட்டிவ்னா நல்லதுதான?" என்றான் முத்தரசு.

அவள் போனை வைத்தாள். வேப்பிலையில் கிடந்தது தம்பி ஆகாஷ். அவள் வாசலில் நின்றவள். அவள் முதுகெலும்பு காலி. அங்கே யாரும் தூங்கவில்லை, காவலுக்கும் யாரும் இல்லை. திறந்து போட்ட வீடு.

டாக்டரம்மா நாட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டது என்றார். கொப்புளம் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிஷமே வரச் சொன்னார். குழந்தை இன்னும் பத்துப் பதினைந்து நாள் உள்ளேயே இருந்தால் நல்லது என்றார்.

பொன்னுத்தாயிக்கு அக்கி காய்ந்தது. பொருக்கு உதிர்ந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, முந்தானையை இடது தோளில் போட்டு, பிள்ளையார்பட்டிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாள். "பாத்தியா? எழுதுன ஒடனே ஓடிப்போச்சு." சுபா அந்த விலாவையே பார்த்தாள். ஓடவில்லை. மறுபடி நரம்பேறிப் படுத்துக்கொண்டது.

ஒவ்வொரு காலையும் உடம்பைப் பார்த்தாள். கை, கழுத்து, காதுக்குப் பின்னால். கண்ணாடியைச் சாய்த்து அடிவயிறு. ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. இரவில் லேசாக உடம்பு சுட்டது. வெயில் என்று சொல்லிக்கொண்டாள். மறுநாள் வீடு அமைதியாக இருந்தது. மதிய வெளிச்சம் குளியலறையின் சின்ன ஜன்னல் வழியாக நேராக விழுந்தது. தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டாள். இடுப்பில் ஒரு வலி பிடித்து, இறுக்கி, விட்டது. சுவரைப் பிடித்து நின்றாள். பொய் வலி. பொய் வலிதான்.

துண்டை எடுத்துத் துடைத்தாள். தோள். மார்பு. வயிறு.

மறுபடி வலி. இந்த முறை முதுகிலிருந்து சுற்றி முன்னால் வந்தது. விடவில்லை. கால் வழியாக வெதுவெதுப்பாக நீர் இறங்கிச் சாக்கடைப் பக்கம் ஓடியது. அவள் ஊற்றிய நீர் இல்லை.

"ஆத்தா," கதவுக்கு வெளியே பொன்னுத்தாயி. செருப்பு நின்றது. "என்னத்தா முனகுற? வலி கண்டிருச்சா?" குரலில் சந்தோஷம் பொங்கியது. "கதவத் தெற. தெற. நான் வாரேன்."

சுபா குனிய முயன்றாள். கைக்கண்ணாடியைச் சாய்த்தாள்.

தொப்புளுக்குக் கீழே ஒரு துளித் தண்ணீர். அரிசி அளவு. வெளிச்சம் பட்டு மின்னியது.

துடைத்தாள்.

துளி இருந்தது.

மறுபடி துடைத்தாள், அழுத்தி. துளி இருந்தது. அதற்கடியில் தோல் ரோஜா நிறத்தில் இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால், எண்ணக் கூடாது.

வலி ஏறியது. கதவு அதிர்ந்தது. உள்ளிருந்து ஒரு சின்னக் குதிகால், வழி தேடுவது போலத் தோலடியில் மெல்ல நகர்ந்து வந்து, சரியாக அந்தத் துளிக்குக் கீழே நின்று, முட்டியது.

துளி உயர்ந்தது. உருண்டு விழவில்லை.